முர்தபாவும் கொத்துப் பரோட்டாவும் ஒன்றல்ல
கீழக்கரையில் விற்கும், கறிக் கலவையை மாவுக்குள் வைத்து மடித்துச் சுடும் பண்டமான முர்தபா சிங்கப்பூரில் பிறந்தது என்றும், அது கொத்துப் பரோட்டாவின் மறுபெயரே என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. ‘மடிக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய ‘முதப்பக்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஏமனிலும் சவூதியிலும் இன்றும் முதப்பக் என்றே விற்கிறார்கள். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-இல் தொடங்கிய கடை இந்தப் பண்டத்துக்குப் பெரும்புகழ் சேர்த்தது உண்மைதான். அதனால் அவ்வூர் பிறப்பிடமாகிவிடாது.

செய்முறையும் வேறு. கொத்துப் பரோட்டாவுக்குச் சுட்ட பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கொத்துகிறார்கள். முர்தபாவுக்கோ, வீசி மெல்லியதாக்கிய பச்சை மாவின் நடுவே கொத்துக்கறி, வெங்காயம், முட்டை சேர்ந்த கலவையைப் பரப்பி, நான்கு ஓரங்களையும் உள்ளே மடித்து, கலவை கசியாதபடி கல்லில் நிதானமாகத் திருப்பிப் போட்டு வேகவிடுகிறார்கள். (அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி, உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும்.)