கட்டைவிரல் காட்டுகிறவர்களுக்கு மலைப்பாதை எதற்கு?

பத்துப் பைக்குகளை ஏலமலைக்குள் ஒரு நாள் கூட்டிக்கொண்டுபோய்ச் சேதாரமில்லாமல் திரும்பக் கொண்டுவருவதற்கு, வருகிறவர்கள் முன்கூட்டியே நான்கு உண்மைகளைச் சொன்னால் போதும்: வருகிறீர்களா இல்லையா, என்ன வண்டி, டயர் எந்த நிலையில் இருக்கிறது, கல்பாதையில் இதற்கு முன்பு ஓட்டியிருக்கிறீர்களா. படித்து, நன்றாகச் சம்பாதித்து, வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்திருக்கிற மனிதர்களிடமிருந்து இந்த நான்கையும் வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. நான் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், ஏலமலையில் இருக்கிற பூப்பாறையில் குடியிருக்கிறேன் என்கிற ஒரே காரணத்துக்காக, மதுரையிலும் கோவையிலும் பாலக்காட்டிலும் இருக்கிற நண்பர்கள் "நீதான் அங்கயே இருக்கியே, ரூட்டைப் போட்டுடு" என்று முழுப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள். ரூட்டுப் போடுவதில் எனக்குச் சடைப்பே கிடையாது. போட்டதை ஒருவரும் படிப்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வாட்ஸ்அப் குழுவில் தேதியை அறிவித்த அரை மணி நேரத்துக்குள் கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழும். ஒருவர் நெருப்புப் படம் போடுவார்; இன்னொருவர் போன வருடம் எடுத்த தன் வண்டியின் புகைப்படத்தையே மறுபடியும் போடுவார். "எத்தனை பேருக்குத் தங்க இடம் சொல்ல வேண்டும், முன்பணம் அனுப்புங்கள்" என்று நான் கேட்கிற செய்திக்கு மட்டும் பதில் வராது. நீல டிக் வரும். பிறகு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். ஒருவருக்கு வீட்டில் விசேஷம், ஒருவருக்கு வண்டி சர்வீஸில் நிற்கிறது, ஒருவருக்கு மேலதிகாரி விடுப்புத் தரவில்லை. அந்த விசேஷம் என்ன வெள்ளிக்கிழமை ராத்திரியிலா முளைத்தது? வர முடியாமல் போவது யாருக்கும் நேர்வதுதான், அதற்காக நான் கோபப்படவில்லை. வர முடியாது என்பது புதன்கிழமையே தெரிந்திருந்தும் ஒரு வரி எழுதாமல் இருக்கிறார்களே, அந்த அலட்சியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த அலட்சியத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் அவர்கள் இல்லை. சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா தன் வீட்டின் மேல்மாடியைத் தங்குவதற்கு விடுகிறார். சாப்பாடும் அவரே சமைத்துத் தருவார். பதினெட்டுப் பேர் என்று சொல்லியிருந்த ஓர் இரவில் ஏழு பேர்தான் போய் நின்றோம். கப்பை (மரவள்ளிக்கிழங்கு) அவித்த அலுமினியக் குண்டானின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, பதினெட்டுப் பேருக்கு அவிச்சு வச்சிருக்கேன். மீனும் அத்தனை பேருக்கும் கணக்காத்தான் வாங்கினேன். இதை இனி நான் யாருக்குக் குடுக்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மிச்சப் பேருக்கான காசை நான் நீட்டியபோது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் நாங்கள் குழுவில் போட்ட படங்களுக்குக் கீழே, வராத பதினொரு பேரில் ஒருவர் "செம்ம, மிஸ் பண்ணிட்டேன்" என்று எழுதி அழுகைப் பொம்மை ஒன்றையும் வைத்திருந்தார்.

எண்ணிக்கையை நான் திரும்பத் திரும்பக் கேட்பது சாப்பாட்டுக்காக மட்டுமில்லை. உடும்பஞ்சோலை, சதுரங்கப்பாறைப் பக்கம் இவர்கள் ஆசைப்படுகிற கல்பாதைகளில் பெரும்பாலானவை ஊராட்சிச் சாலைகள் அல்ல. ஏலத்தோட்டங்களுக்குள் ஜீப் போவதற்காகத் தோட்டக்காரர்கள் வெட்டிய வழிகள். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை, தூரிலிருந்து கிளம்புகிற சரங்களில், தரையோடு தரையாகக் காய்க்கிறது. திருப்பத்தில் வழுக்கி இரண்டடி உள்ளே இறங்கிவிட்ட ஒரு பைக், பார்ப்பவர் கண்ணுக்கு இலைதான் மிதிபட்டது போலத் தெரிந்தாலும், அந்தத் தூரின் காயையே நசுக்கிவிட்டு வந்திருக்கும். போதாததற்கு ஏலக்காய்க்கு விலை ஏறும்போதெல்லாம் திருட்டும் ஏறுவதால், காய் எடுப்புக் காலத்தில் முன்பின் தெரியாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு தோட்டத்தின் வழியாகப் போய்வர, வண்டி எண்களை எழுதிக் கொடுத்து, கங்காணியிடம் பேசி, முதலாளியிடமும் நேரில் போய்ச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். எங்கள் ஆள் ஒருவர் காலையில் தன் மைத்துனரையும் அவருடைய நண்பரையும், பட்டியலில் இல்லாத இரண்டு வண்டிகளில், ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். காவலாளி தாளைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் இதுல இல்லையே" என்றார். "ரெண்டு வண்டிதானே அண்ணே" என்று சிரித்தார் நம் ஆள். அந்த இரண்டு வண்டியோடு அந்த வாசல் எங்களுக்கு மூடிக்கொண்டது, இன்றுவரை திறக்கவில்லை. அவர் மதுரைக்குப் போய்விட்டார். அந்த முதலாளியைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் எதிரே பார்ப்பவன் நான்.

டயரைப் பற்றிக் கேட்டால் அதைவிட மோசம். பின் டயரின் நடுப்பகுதியைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டால், என்னவோ நான் பெண் பார்க்க ஜாதகம் கேட்டதைப்போலக் கோபித்துக்கொள்கிறார்கள். ஸ்போக் சக்கரமும் 21 அங்குல முன் சக்கரமும் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவை டியூப் டயர்தான். கூரான கல்லில் மோதி டியூப் நசுங்கிக் கிழிந்தால், டியூப் இல்லாத டயருக்குச் செருகுகிற பஞ்சர் குச்சியைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது; சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும், டயர் லீவர் வேண்டும், மாற்று டியூப் வேண்டும், காற்றடிக்கப் பம்பு வேண்டும். முன் சக்கரத்து 21 அங்குல டியூப் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், அவசரத்துக்கு மடித்துத் திணித்து 18 அங்குலப் பின் சக்கரத்தையும் ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கலாம் என்பதுவரை குழுவில் எழுதியிருக்கிறேன். ஆனால் பஞ்சராகி நிற்கிற இடத்தில் பத்துப் பேரின் பைகளையும் கவிழ்த்தால் என்ன விழுகிறது? நான்கு பவர் பேங்க், இரண்டு ஆக்‌ஷன் கேமரா, ஒரு ட்ரோன். கிளட்ச் கேபிள் ஒன்றுகூட இல்லை. ட்ரோனைப் பறக்கவிட்டு டியூப் ஒட்ட முடியுமானால் எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்தது வீரப் பிரதாபம். "நான் லடாக்கே போயிட்டு வந்தவன்" என்கிறார் ஒருவர். போயிருக்கிறார், பின்னால் ஒரு வேன், வேனில் ஒரு மெக்கானிக், மூட்டை முடிச்சு எல்லாம் அந்த வேனில். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் மழையில் ஊறிய செம்மண்ணில், உருளைக் கல் நிறைந்த ஏற்றத்தில், ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள வண்டியை நின்றுகொண்டு ஓட்டுவது வேறு வேலை. "முதல் தடவை" என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் அவருக்காக வேறொரு எளிய வழியைப் போட்டிருப்பேன். அதில் அவமானம் என்ன இருக்கிறது? சொல்லவில்லை. ஏற்றத்தின் பாதியில் நின்றுபோய், முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி இரைத்து இரைத்து, கிளட்ச் பிளேட் தீய்ந்த நாற்றம் தோட்டம் முழுக்கப் பரவிய பிறகு, "வண்டி இழுக்கல" என்று கம்பெனியின் மேல் பழியைப் போட்டார். அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து மேட்டில் ஏற்றியது, கூலியாட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்காரர். அதுவரை எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கைப்பேசியை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீப் என்றதும் நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் போடிமெட்டு வழியாக மேலே வரும், மாலையில் அதே வழியில் இறங்கும். அவர்கள் போக்குவரத்துக்குக் குறுக்கே விழாமலும், பிற்பகலில் கவிகிற மூடுபனியிலும் ஐப்பசி இடிமழையிலும் சிக்காமலும் இருக்க வேண்டுமானால், காலை ஏழு மணிக்கு நாங்கள் கல்பாதையில் இறங்கியிருக்க வேண்டும். தார்ச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரக் கணக்கு. கல்லும் சேறுமான பாதையில் அதே நாற்பது ஒரு பகலையே தின்றுவிடும், மைலேஜும் படுத்துவிடும். இவ்வளவையும் எழுதி, நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதையும் தடித்த எழுத்தில் போட்டால், போடியிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒன்பது மணிக்குப் பூரி மசாலாவின் படத்தை அனுப்புகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று நின்று படம் எடுத்துக்கொண்டு அவர்கள் மேலே வந்து சேரும்போது பதினொன்றரை. வந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல பங்க் எங்க இருக்கு?"

இதையெல்லாம்கூட ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம். போகக் கூடாத இடத்துக்குப் போகலாம் என்று நச்சரிப்பதைத்தான் என்னால் சகிக்கவே முடியவில்லை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் அதற்கு வண்டிப்பாதை இருப்பது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அந்தப் பாதையில் அங்குள்ள ஜீப்புகள்தான் போகலாம், சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. இது பத்துத் தடவை சொல்லப்பட்ட செய்தி. இருந்தும் "யாருக்கும் தெரியாம விடிகாலையில போயிடலாம்" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொருவருக்கு, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பழைய சாலையின் மேல் மோகம். போக்குவரத்து நிறுத்தப்பட்டுப் பல வருடங்களாகிக் காடு மூடிவிட்ட பாதை அது. கேரள வனச் சட்டம் 1961-இல் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது பிரிவு 27-இன் கீழ் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுப்பதும் பிரிவு 27 தான். ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளும் வசதியைச் சட்டமே செய்து கொடுத்திருக்கிறது.

சட்டம் கிடக்கட்டும் என்று ஒதுக்கிவிடுகிறவர்களுக்கு குரங்கணியை நினைவுபடுத்துகிறேன். 2018 மார்ச் 11 அன்று இந்த மலையின் தமிழ்நாட்டுச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு விதிகளையே வகுத்தது. யானை விஷயமும் அப்படித்தான். அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டுபோனதால் இங்கே யானையே இல்லாமல் போய்விட்டதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொண்டுபோனது ஒன்றைத்தான். மற்றவை ஆனையிறங்கல் அணைப் பக்கமும் தேயிலைக்குள்ளும் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. இருட்டியபிறகு லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்களே வெளியே வர யோசிக்கிற இடத்தில், மாற்றிப் பொருத்திய சைலன்சரை முறுக்கிக்கொண்டு திரிவதற்கு இவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், இரவோடு இரவாகக் கீழே இறங்கிவிடப் போகிறோம் என்கிற நினைப்பிலிருந்துதான் வருகிறது.

பாதையில் இறங்கிய பிறகாவது சொன்னதைக் கேட்கிறார்களா? தோட்டத்துக்குள் நூறடிக்கு ஒரு பிரிவு வரும், கைப்பேசி வரைபடத்தில் பாதி இருக்காது, சிக்னலும் இருக்காது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் எனக்கு அடுத்து வருகிறவர் நின்று, கடைசி ஆள் வந்து சேரும்வரை வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நிறுத்தப்பட்டவர் போரடித்துப்போய்ப் பள்ளத்தாக்கைப் படம் எடுக்க நகர்ந்துவிட்டார். பின்னால் வந்த மூன்று பேர் தவறான பிரிவில் இறங்கி, ஒரு லயத்தின் முற்றத்தில் போய், காயப்போட்டிருந்த துணிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களைத் தேடி அலைந்ததில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. நகர்ந்தவரிடம் கேட்டால், "அவங்களுக்கு வழி தெரியும்னு நெனச்சேன்" என்கிறார்.

ஆகவே மார்கழிப் பயணத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பணம் வந்தால்தான் பட்டியலில் பெயர். திரும்பக் கிடைக்காது, அது சாந்தன்பாறை அக்காவிடம் நேராகப் போய்விடும். முன், பின் டயர்களின் படமும் வண்டி எண்ணும் பத்து நாளுக்கு முன்பே வந்தாக வேண்டும். டியூப், பம்பு, கிளட்ச் கேபிள் இல்லாமல் வருகிறவர் தார்ச்சாலையோடு இராமக்கல்மேட்டுக்குப் போய் எங்களுக்காகக் காத்திருக்கலாம். காலை ஏழு மணி என்றால் ஏழு மணி. சொல்லாமல் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் மைத்துனரோடு சேர்ந்தே திரும்பலாம். "என்ன ப்ரோ, ஸ்கூல் வாத்தியார் மாதிரி பண்றீங்க" என்று முறைத்துக்கொள்கிறவர்களுக்கு, போடிமெட்டு வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 85 இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. அதற்கு என் அனுமதி தேவையில்லை.