தமிழுக்கு இடம் விடாத வடிவமைப்பு

தமிழ் இணையதளத்துக்கான வடிவமைப்பைக்கூட ‘லோரம் இப்சம்’ என்னும் சிதைந்த இலத்தீன் மாதிரி வரிகளை நிரப்பித்தான் தொடங்குகிறார்கள் என்பது எனக்குத் தீராத எரிச்சல். பெட்டிகளின் அகலமும் வரிகளின் இடைவெளியும் அந்த எழுத்துகளுக்கே அளந்து முடிவாகி, வாடிக்கையாளரும் ஒப்புதல் தந்த பிறகு தமிழைக் கொண்டுவந்து கொட்டினால், ‘பதிவிறக்கம்’ பொத்தானை மீறி வழிகிறது. ‘நூ’, ‘ழு’ போன்றவற்றின் அடிப்பகுதி அறுபடுகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நம்பித் தலைப்புகளை எடுப்பாக்கியிருந்த அமைப்பு, அந்த வேறுபாடே இல்லாத தமிழில் தட்டையாகிவிடுகிறது. உடனே எழுத்தின் அளவைக் குறைக்கிறார்கள், அதுவும் சுழிகள் நெருங்கிய ‘ணை’ கைப்பேசித் திரையில் கரும்புள்ளியாகும் வரை. முதல் வரைவிலேயே உண்மையான தமிழ்ப் பத்தி ஒன்றை வைத்து, வரியுயரத்தைச் சற்றுக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?