கள்ளனை அடித்தால் வழக்கு வராதா?

"கையும் களவுமாகப் பிடிபட்ட கள்ளனைச் சனம் அடிக்கலாம். 35ஆம் பிரிவு அனுமதிக்கிறது, பொலிஸ் வழக்குப் போட ஏலாது." திரில்லர் பட நாயகன் ஒருவனைக் கம்பத்தில் கட்டிவைத்து உதைக்கும் துண்டுக் காட்சியோடு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்றுகிறது. முழுப் பொய்.

சரி, அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன்னே செய்பவரைச் சாதாரண ஆளும் பிடிக்கலாம். ஆனால் அதே வசனத்தின் மறுபாதியை வசதியாக வெட்டிவிட்டார்கள்: வீண் தாமதமில்லாமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கலாம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

தற்காப்பு உரிமை வேறு. கத்தியோடு பாய்கிறவனைத் தடுக்க அடிக்கலாம், அதுவும் தேவையான அளவுக்கே. கை கட்டப்பட்டுக் கிடப்பவனிடமிருந்து என்ன தற்காப்பு?

"கூட்டத்தில் யார் அடித்தது என்று எவருக்கும் தெரியாது" என்று கடைசியில் ஒரு வரி வேறு. அதுதான் ஆபத்தான வரி. தண்டனைச் சட்டக்கோவையில், ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்றநோக்கோடு சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம். அந்தப் பொதுநோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு, 146ஆம் பிரிவின் கீழ், கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் குற்றவாளிகள். அடி வாங்கியவர் செத்தால் கொலை வழக்கு. பெருமைக்கு எடுத்த போன் வீடியோவே சாட்சியாகிவிடும்.

கள்ளன் பிடிபட்டால் 119க்கு அழையுங்கள்.