டவ்டெயில் காடியைச் சிறிது சிறிதாக இறக்கக் கூடாது

டவ்டெயில் காடி என்பது வாய் குறுகி அடி அகன்ற பள்ளம்; அதே வடிவில் சீவிய இன்னொரு பலகையின் விளிம்பு, அதாவது வால், அதற்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். இதை ரவுட்டர் என்ற மரம் குடையும் மின்கருவியில், பிட் எனும் சுழலும் வெட்டுமுனையை மாட்டி எடுப்பார்கள். ‘டவ்டெயில் பிட்டையும் ஸ்ட்ரெயிட் பிட் (பக்கம் நேராக உள்ளது) மாதிரி மூணு மூணு மில்லியா இறக்கி ஓட்டுங்க’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் காடி பாழ். இந்த பிட்டுக்கு அடிமுனைதான் அகலம். முதல் ஓட்டத்திலேயே அது காடியின் வாயை ஏறக்குறைய முழு அகலத்துக்குத் திறந்துவிடும். பிறகு எவ்வளவு ஆழம் போனாலும் வாலைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு விளிம்பு மிஞ்சாது.

ஒரேயடியாக முழு ஆழம் வெட்டினால் பிட் உடையும் என்ற பயம் நியாயமே, வழிதான் வேறு. அடிமுனை 12.7 மி.மீ. அகலமும் பக்கங்கள் 14 டிகிரி சரிவும் உள்ள பிட்டில் 10 மி.மீ. ஆழம் எடுத்தால் வாய் சுமார் 7.7 மி.மீ. வரும். அதனால் முதலில் 6 மி.மீ. ஸ்ட்ரெயிட் பிட்டால் 9.5 மி.மீ. ஆழம்வரை இரண்டு மூன்று ஓட்டத்தில் மரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு அதே நடுக்கோட்டில் டவ்டெயில் பிட், முழு ஆழம், ஒரே ஓட்டம்.

வாலுக்கு ரவுட்டர் டேபிளில் (ரவுட்டரைத் தலைகீழாகப் பொருத்திய மேசை) பலகையை நிற்கவைத்து இரு முகத்தையும் சீவ வேண்டும். ஃபென்ஸ் (பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்பு) பிட்டை 0.2 மி.மீ. கூடுதலாக வெளிக்காட்டும்படி நகர்ந்தால் வால் 0.4 மி.மீ. மெலியும், ‘திடீர்னு லூஸாயிடுச்சு’ என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். அதே தடிமன் கழிவுத் துண்டில் முதலில் பாருங்கள்.

இன்னொன்று: ஃபெவிகாலை முழு நீளத்துக்கும் தடவாதீர்கள். ஈரத்தில் வால் உப்பி, வேலூர் மே வெயிலில் பாதி வழியிலேயே இறுகும். வாலைக் காடிக்குள் முக்கால்வாசி தள்ளியபின் முன்பக்கக் கடைசி 5 செ.மீ.க்கு மட்டும் போதும்.