இப்போதைக்கு ஓடும் சார்

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே ஒரு நட்டுக்குப் போய்விட்டது. காலை எட்டு மணிக்கு வண்டிக்கு அடியில் படுத்தவன், சாப்பாட்டு நேரம் போக, மாலை நாலு மணிக்குத்தான் எழுந்தேன். அரை அங்குல நட்டு. ஆறு முனை இருக்க வேண்டியது வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. எப்போதோ யாரோ ஒருவர் அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டிப் பலம் கொண்ட மட்டும் திருகியிருக்கிறார்.

பெரியப்பாவின் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு. தாம்பரம் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றது. இந்தத் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே வண்டலூரில் செய்த வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று 1959-ல் வந்த அதே வண்டி. அங்கே 1962-ல் இதே சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, கொஞ்சம் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன் சக்கரத்துச் சாமான்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் வண்டலூர் ஆலை மூடி இத்தனை வருடம் ஆன பிறகும் எனக்கு இங்கிலாந்திலிருந்து பாகம் கிடைக்கிறது. கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டிவிட்டு மாதக்கடைசியில் பல்லைக் கடிக்கிறேன், அது வேறு.

என் கோபம் துரு மேல் இல்லை. இத்தனை வருடம் நின்ற வண்டி துருப்பிடிக்கத்தான் செய்யும். இந்த வண்டியை ஓடிய காலத்திலேயே கெடுத்தவர்கள் மேல்தான் கோபம். பெரியப்பா ஒவ்வொரு பில்லையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். டிங்கரிங், பெயிண்டிங், சர்வீஸ், எல்லாவற்றுக்கும் கேட்ட காசைக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் கொடுத்த காசு. எதைக் கேட்டாலும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே பதில் வரும் என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார்: “இப்போதைக்கு ஓடும் சார்.”

அந்த ‘இப்போதைக்கு’ என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கும் ஒட்டவில்லை. கிரைண்டரைப் போட்டால், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி விரல் கனத்துக்கு. அதற்குள் கம்பி வலை, வலைக்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். தகடே இல்லை. மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்து அந்தக் காகிதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் நன்றாக இருந்த தகடும் அதோடு போய்விட்டது. சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர் கைகளில், அரித்த இரும்பை வெட்டி எடுக்காமல் மேலேயே ஒரு தகடு வைத்து வெல்டு அடித்திருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் ஒழுகிய இடத்தில் சோப்பைத் தேய்த்து மேலே பசை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி. கறுப்பு எர்த், வெள்ளை இக்னிஷன், பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது என்று ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம் வைத்திருந்தார்கள். இப்போது எங்கு பார்த்தாலும் மஞ்சள் ஒயர். எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். டிரன்னியனை மட்டும் மன்னிக்கவே முடியாது.

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது பித்தளை நிறத்தில் ஓர் உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கும். அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், 90 நம்பர். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, நாளாக ஆக இறுகிவிடும். அடியில் தண்ணீர் தங்கி இரும்பை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் அப்படியே மடியும். டப்பாவில் இருக்கும் பில்களில் ஆறு இடத்தில் ‘ஃபிரண்ட் கிரீஸிங்’ என்று எழுதியிருக்கிறது. வலது பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். மரையில் பாதி இல்லை. அந்தச் சக்கரத்தை நம்பித்தான் பெரியப்பா எங்கள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் திண்டிவனம் வரை போய் வந்தார். அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இதில் வயிறு எரிய இன்னொரு காரணம் உண்டு. இதைவிடச் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய கார் ஒன்றை நான் பார்த்ததில்லை. பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாடி பல பகுதிகளாகப் போல்ட்டில் நிற்கிறது. கெட்டதைக் கழற்றி மாற்றலாம். ஒழுங்காக வேலை செய்யுங்கள் என்று வண்டியே வழிவிட்டிருக்கிறது. அங்குல ஸ்பேனர் செட் புதுப்பேட்டையில் அன்றைக்கும் கிடைத்தது, இன்றைக்கும் கிடைக்கிறது. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 போட்டால் பிடிப்பதுபோல இருந்து, துருவேறிய நட்டில் அழுத்தியதும் முனையைத் தின்றுவிடும். 7/16-க்கு 11 நுழையாது, 12 வழுக்கும். வருடக்கணக்காக இந்த வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். எழுந்து போய்ச் சரியான ஸ்பேனரை எடுத்து வர மனம் வரவில்லை.

கையில் காசில்லாமல் ஒருவர் ஒட்டுப் போடச் சொன்னால் போடுங்கள், ஒட்டுதான் போட்டிருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். முழு வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு செய்தித்தாளைத் திணித்து மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள்.

நேற்று அந்த நட்டைக் கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். போல்ட்டும் போனது. இடது பக்க டிரன்னியன் இன்னும் கழற்றவில்லை. அங்கேயும் மூன்று நட்டு உருண்டையாகத்தான் இருக்கிறது.