விட்டுப்போச்சு

போன வைகாசியில் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு தடவை புரூஃப் பார்த்திருந்தோம். பாதிப் பத்திரிகைக்கு மேல் மஞ்சள் தடவிய பிறகுதான் தெரிந்தது, சைதாப்பேட்டை அத்தையின் பேர் இல்லை. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியலில் ஆறு மாதக் குழந்தை வரைக்கும் இருக்கிறது, அப்பாவின் ஒரே அக்காவைக் காணோம்.

நேரில் போய்ச் சொன்னேன். “பேரு விட்டுப்போச்சு அத்தே.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். அப்புறம் கேட்டார்: “அதுவா விட்டுப்போச்சா, நீ விட்டியா?”

பதில் இல்லை என்னிடம். சொல்லே அப்படித்தானே இருக்கிறது! வாக்காளர் பட்டியலில் பேர் விட்டுப்போகும், ரேஷன் கார்டில் விட்டுப்போகும். விட்டது யார் என்று சொல்ல அதற்குள் இடமே கிடையாது. ‘மறந்துட்டேன்’ என்றாலாவது நான் உள்ளே இருக்கிறேன். ‘எனக்கு மறந்துபோச்சு’ என்றால் காய்ச்சல் வந்த மாதிரி, பாவம், எனக்கு என்னவோ நேர்ந்துவிட்டது. மறப்பவனுக்கு இவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறோம். மறக்கப்பட்டவருக்கு? ‘மறக்கப்பட்ட’ என்பதே பத்திரிகைத் தலைப்புக்கான சொல். ‘மறக்கப்பட்ட தியாகி’ என்று எழுதுவோம். ‘எங்க அத்தை மறக்கப்பட்டாங்க’ என்று எந்த வீட்டிலாவது பேசுவார்களா?

வேர்ச்சொல் ஆராய்பவர்கள் ‘மற’வையும் ‘மறை’யையும் ஒரே குடும்பத்தில் வைப்பார்கள். மலையாளத்தில் மறக்குக என்றால் மறப்பது, மறைக்குக என்றால் மறைப்பது. கன்னடத்தில் ‘மரெ’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஆக, மறந்தது தொலைந்துபோனது இல்லை, கண்ணுக்கு முன்னால் எதுவோ வந்து நிற்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருக்கிறது, கொஞ்சம் குற்ற உணர்வும் குறைகிறது.

ஆனால் வள்ளுவர் அப்படி விடமாட்டார். 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. (பள்ளியில் இந்தத் தலைப்பைப் படித்ததும் கடைசி பெஞ்ச் ஏன் சிரித்தது என்று கேட்காதீர்கள்.) பொச்சாப்பு என்றால் மறதி. மூளை செய்யும் மறதி இல்லை, அசட்டையில் வரும் மறதி. அதுவும் எப்போது வருமாம்? முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறார்: அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, மிகுந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு. கல்யாண வீட்டுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கிறது. இந்த அருமையான சொல்லை நாம் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டோம். பாருங்கள், ‘விட்டுப்போச்சு’ என்றுதான் கை முதலில் தட்டச்சு செய்தது.

கிளம்பும்போது அத்தை, “மர்மலாங் பாலத்துல வண்டி நிக்கும், பார்த்துப் போ” என்றார். மறைமலை அடிகள் பாலத்தை அவர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார். மாம்பலம் வெள்ளைக்காரர்கள் வாயில் புரண்டு மர்மலாங் ஆனது என்பார்கள். அடையாற்றின்மேல் அங்கே 1726இல் முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பரங்கிமலைப் படிகளும் அவர் கட்டியவைதான். பாலத்துக்காக வைத்த கல்லில் பாரசீகம், லத்தீன், ஆர்மேனியன் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. நான் அந்த வழியாகப் போன வருஷங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கல்லை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இதில் எது விட்டுப்போனது, எது விட்டது?

முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே அத்தை வந்துவிட்டார். கையில் அதே பத்திரிகை. பட்டியலில் என் பேருக்கு மேலே இருந்த இடுக்கில், நீல பால்பாயின்ட் பேனாவில், இனிஷியலோடு தன் பேரை எழுதியிருந்தார். அச்செழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.