அந்த ரெண்டு மார்க் விஷயம்

பள்ளிப் பெற்றோர் குரூப்பில் நேற்று மதியத்திலிருந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும்: என் மகளின் ஒரு விடைக்கு ரெண்டு மார்க் போனது, நான் அதைக் கேட்டேன். விடைத்தாள் படத்தை நான் மறுபடியும் போடப் போவதில்லை. ஆனால் "ரெண்டு மார்க்குக்கு இவ்ளோ சீனா?" என்று ஒருத்தர் கேட்டாரே, அவருக்காகத்தான் இது.

கேள்வித்தாளில் வேலூர்ப் புரட்சி பற்றி 14 வரிப் பத்தி. எண்ணிப் பார்த்தேன், அதில் 9 வரி தலைப்பாகை சமாச்சாரம். 1806-ல் வெள்ளைக்காரர்கள் படையில் இருந்த நம்மூர்ச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது, அதில் தோலில் செய்த சின்னம். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். முடியாது என்றவர்களுக்குச் சவுக்கடி. கீழே கேள்வி: மையக்கருத்தை எழுதுக.

என் மகள் எழுதியது: "உத்தரவு போட்டவர்கள், அதை அணியப் போகிறவர்களைக் கேட்கவில்லை." சிவப்பு மையில் முட்டை. கைடு விடை: "வேலூர்ப் புரட்சி விடுதலைப் போரின் முதல் பொறி."

கைடு சொல்வது பொய் இல்லை. ஜூலை 10-ல் நடந்தது, 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முந்தியது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்தியில் 1857 என்ற எண்ணே இல்லையே! பத்தி எதைப் பற்றியது என்பது ஒன்று, அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது வேறு. மையக்கருத்து இரண்டாவது. தலைப்பாகை வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள், பத்தியில் என்ன மிஞ்சுகிறது?

நான் எட்டாவது படிக்கும்போது இதே பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். நைனா, என் அப்பா, தோல் பதனிடும் டேனரியில் வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அந்த வாசனை கையை விட்டுப் போகாது, ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வரைதான் படித்தவர். 'தோல்' என்று வாசித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "எந்தத் தோலு? மாடா, பன்னியா?" புத்தகத்தில் அது இல்லை. "தலையில வெச்சிக்கப் போறவனுக்கு அதானம்மா கேள்வி? அவன்கிட்ட ஒருத்தனும் கேக்கலியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனார். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து புரட்சியை அடக்கினான் என்று நான் சொன்னதும், "நாம பஸ்ல வந்தோமே, அதே தூரமா?" என்றார். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அகழி ஓரம் நின்று குதிரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டோம். பாடத்தில் சுவாரசியம் இல்லை என்று புலம்புகிறவர்களே, நமக்குக் கோட்டை டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது!

குரூப்பில் வந்த மற்ற பதில்களுக்கு வருகிறேன். "ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், டீச்சர் எப்படி ஒவ்வொன்றாக நின்று படிப்பார்?" நியாயம்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அது ஒரே ஒரு வரி விடை. படிக்க எத்தனை நொடி ஆகும்?

"பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போகும், அப்புறம் நீங்களா சீட் வாங்கித் தருவீங்க?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகக் கைடுதான் சரி என்று ஆகிவிடுமா?

அப்புறம் அந்தக் கடைசி மெசேஜ். "வீட்ல சும்மா இருக்கிற அம்மாங்களுக்குத்தான் இதுக்கெல்லாம் நேரம்." அண்ணா, நான் காலை ஏழரைக்கு ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறவள். இரவு ஏழு மணிக்கு இறங்கி, தோசை ஊற்றிக்கொண்டே அவளைப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறவள். எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு போடுவதற்கு முன்னால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் மெசேஜுக்கு 11 பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் தெரு. ஒருத்தர் வீட்டுக்குப் போன வாரம்தான் முள்ளுக்கத்திரிக்காய் கொடுத்தனுப்பினேன்.

இன்று காலை புது அறிவிப்பு வந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கைடு விடையை ஐந்து முறை எழுதி வர வேண்டுமாம். இவள் மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருக்கிறாள், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு. கேட்டதற்குத் தலை நிமிராமல் "விடும்மா" என்கிறாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.